அண்டைப் பள்ளியிற் சிறப்புக் கல்வி

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறங்கூறப் புகுந்து, மக்கட் பிறப்பிற் காணப்படும் குறைகளை எட்டாக வகுத்து, அவற்றிற்கு 'எச்சம்' என்று பெயரிடுகின்றார். பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு முதலாயின அவ்வெட்டனுள் அடங்கும். 1995ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஏழு வகைக் குறைகளையே எண்ணிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வேழினை இருபத்தொன்றாக விரித்தது. அரசினர் அண்மையில் எண்ணியதைத் தமிழ்ப் புலவர் பண்டே எண்ணிவிட்டார் என்று பெருமை பேசுதல் எமது நோக்கமன்று. புலவர் அவர்களை எண்ணியது பயன்படாப் பிறவிகள் இவை என்று காட்டுதற்கே, பள்ளிக்கு அனுப்புதற்கன்று.

எனினும் எச்சம் என்னும் சொல் தமிழ் பயில்வார்க்கு வேறொன்றையும் நினைவூட்டும். இலக்கணத்தில் எச்சம் என்பது பழுதுபட்ட சொல்லன்று. தன்னை முடிக்கும் மற்றொரு சொல்லை நோக்கி நிற்பது. 'வந்த' என்பது 'பையன்' என்பதனையும், 'வந்து' என்பது 'அமர்ந்தான்' என்பதனையும் அவாவி நிற்கும். முடிக்குஞ் சொல் வாராவிடின் குறை வாராத சொல்லினதேயன்றி, நின்ற சொல்லினதன்று. சிறப்புக் கல்வி என்று இந்நாளில் வழங்குவது அம்முடிக்குஞ் சொல்லைத் தேடும் முயற்சி என்றே யாம் கொள்கின்றோம். அம்முயற்சி நம் நாட்டில் எவ்வாறு தொடங்கிற்று, எம்மூராகிய சிங்காநல்லூரை உள்ளிட்ட கோவை மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் எவ்வாறு நடைபெறுகின்றது, எங்கே தடைப்பட்டு நிற்கின்றது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தொடக்கம் விடுதிப் பள்ளிகளிலேயாம். 1887ஆம் ஆண்டில் ஆனி ஷார்ப் என்னும் மிஷன் அம்மையார் அமிருதசரசில் பார்வையற்றோர்க்கு ஒரு பள்ளி நிறுவினார். 1893இல் கல்கத்தாவில் செவிகேளாதோர் பள்ளி எழுந்தது. தமிழ்நாட்டில் இவ்வறத்தின் தாயகம் பாளையங்கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் செவிகேளாதோர்க்கும் அந்நகரிற் கற்பிக்கத் தொடங்கினர். அவர்கள் வைத்த வித்து இன்றும் மரமாய் நின்று நிழல் தருகின்றது. செவிகேளாத பெண்மகவு ஒன்று எழுதப் படிக்கக் கற்கும் என்று ஒருவர் கூறின் ஊரார் நகைத்திருக்கக்கூடிய காலம் அது.

இப்பள்ளிகளாற் கிடைத்த நன்மை பெரிது. கொடுத்த விலையும் பெரிது. நொய்யற்கரைச் சிற்றூரிற் பிறந்த பார்வையற்ற சிறுவன் ஒருவன் படிக்க விரும்பின், ஏழெட்டு வயதில் தாயைப் பிரிந்து தென்கோடிக்குப் புகைவண்டி ஏற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ விடுமுறைக்கு வந்தால் உடன்பிறந்தாரின் குரலே அவனுக்குப் புதிதாயிருக்கும். இஃது அவன் பக்கத்து இழப்பு. ஊர்ப் பக்கத்து இழப்பு ஒன்றும் உண்டு. அதனைப் பலரும் எண்ணுவதில்லை. அவன் போய்விட்டமையால், அவனோடு ஒரே பலகையில் அமர்ந்து அவ்வூர்ப் பிள்ளைகள் கற்றிருக்க வேண்டியதும் கல்லாமலே நின்றது. அவ்வாறு கல்லாதவர்களே பின்னர் ஆசிரியராகவும் அலுவலராகவும் ஆயினர்.

இது கொண்டு தனிப்பள்ளிகளே வேண்டா என்பாரோடு யாம் உடன்படோம். செவிகேளாதோர் பலர் ஓரிடத்திற் கூடி வாழ்ந்தாலன்றிச் சைகை மொழி வளராது. கேட்கும் பிள்ளைகள் நாற்பதின்மரிடையே தனியனாக இருத்தப்பட்ட செவிகேளாச் சிறுவன் அண்டைப் பள்ளியில் இருந்தும் அயலானே. இதனைப் பின்னரும் கூறுவோம்.

பொதுப் பள்ளியிலேயே இக்குழந்தைகளுக்கும் இடந்தரல் வேண்டும் என்னும் கருத்து நம் நடுவணரசின் திட்டமாக 1974ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அதனை நடத்துதற்கு வேண்டிய ஆசிரியரைப் பயிற்றியதிற் கோவைக்குத் தனிச் சிறப்புண்டு. தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ளது. அங்குள்ள ஆசிரியர் கல்லூரி, பொதுப் பள்ளியிற் பயிலும் பார்வையற்ற பிள்ளைகளுக்குத் துணைபுரியும் ஆசிரியர்களைப் பயிற்றுவதில் நாடறியப் பெயர் பெற்றது. நகரிலுள்ள அவிநாசிலிங்கம் மகளிர் கல்வி நிலையத்திலும் சிறப்புக் கல்விக்கென ஒரு துறை உண்டு. ஆகவே இப்பொருளில் எம் மாவட்டத்தார் 'அறியோம்' என்று சொல்லித் தப்புதற்கு இடமில்லை.

சட்ட வரலாற்றை விரைந்து கூறி அப்பாற் செல்வோம். 1994இல் ஸ்பெயின் நாட்டுச் சலமாங்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி, எக்குழந்தையையும் பொதுப் பள்ளியே ஏற்றல் வேண்டும் என்று அறிக்கை செய்தனர். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமை குறித்த உடன்படிக்கையை நிறைவேற்ற, 2007இல் இந்தியா அதனை ஏற்றது. 2009இன் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகட்கும் இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளிக்கு வர இயலாத மிகுந்த குறையுடைய குழந்தைகட்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் வழியைத் திறந்தது. 2016இன் சட்டமோ வயதெல்லையை 18 ஆக உயர்த்தி, அண்டைப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ எது வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் உரிமையையும் தந்தது. சட்டம் கூறத்தக்கதைக் கூறிவிட்டது. இனிச் செய்யத்தக்கதே எஞ்சியுள்ளது.

எத்துணை எஞ்சியுள்ளது என்பதற்கு 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பு சான்று பகரும். இந்திய நாடு முழுவதும் 5 முதல் 19 வயது வரை உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகள் நூற்றுவருள் 61 பேர் கல்விக் கூடங்களிற் பயின்று வந்தனர்; 12 பேர் இடையில் நின்றுவிட்டனர்; 27 பேர் பள்ளி வாயிலையே மிதித்திலர். நால்வருள் ஒருவர்க்குச் சற்று மேல் என்பது இதன் பொருள். பின்வந்த ஆண்டுகளில் நிலை சீர்பட்டிருத்தல் கூடும். ஆயினும் அந்த 27 பேருக்கு இழந்த ஆண்டுகள் மீளா.

இனி, இப்பொழுதுள்ள ஏற்பாட்டைக் கூறுவோம். முன்னர் அனைவருக்கும் கல்வி இயக்கம் என்ற பெயரோடு நடந்து, 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாக மாறிய அமைப்பின்கீழ், மாவட்டம் பல வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டு, வட்டாரந்தோறும் ஒரு வள மையம் வைக்கப்பட்டுள்ளது. அம்மையத்தைச் சார்ந்து சிறப்புப் பயிற்றுநர் சிலரும், இயன்முறை மருத்துவர் ஒருவரும் பணிபுரிவர். சிறப்புப் பயிற்றுநர் ஒரு பள்ளிக்கு உரியவர் அல்லர். பல பள்ளிகளுக்குச் சுற்றி வருபவர். வாரத்தில் ஒருநாளோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ ஒரு பள்ளிக்கு வந்து, அங்குள்ள குழந்தையோடு சிறிது பொழுது இருந்து, வகுப்பாசிரியர்க்குச் செய்ய வேண்டுவன கூறி, அடுத்த பள்ளிக்குச் செல்வார். ஏனைய நாட்களிற் குழந்தை வகுப்பாசிரியர் கையிலே. ஆண்டுதோறும் எலும்பு, கண், காது, மனநலம் ஆகிய துறை மருத்துவர்களைக் கூட்டி முகாம் நடத்துவர். சக்கர நாற்காலி, காதொலிக் கருவி முதலியன பெரும்பாலும் 1972இற் கான்பூரில் நிறுவப்பெற்ற நடுவணரசுத் தொழிற்சாலையிலிருந்து வருவன. பெண்குழந்தைக்குத் திங்களுக்கு 200 ரூபாய் உதவித்தொகை உண்டு. தனியே வர இயலாத குழந்தைக்கு வழித்துணைப் படியும் உண்டு. திட்டத்தின் விதிப்படி ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை செலவிடலாம். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு. இத்தொகையை யாம் இகழவில்லை, கணக்கிட்டுக் காட்டினோம்.

சிங்காநல்லூரின் இயல்பு சற்றே அறிதற்குரியது. 1981இற் கோவை மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாய் நின்ற இவ்வூர், குளத்தாலும் பஞ்சாலைகளாலும் பெயர் பெற்றது. ஆலைகள் பல மூடப்பட்ட பின்னரும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்கள் மிகுதி. தந்தை ஒரு முறை வேலைக்கும் தாய் மற்றொரு முறை வேலைக்கும் செல்லும் வீட்டில், நடக்கவியலாத பிள்ளையை நாள்தோறும் பள்ளிக்குத் தூக்கிச் செல்வார் யாவர்? வழித்துணைப் படி அன்றைய கூலிக்கு ஈடாகுமோ? இவ்வினாக்களுக்குச் சட்டத்தில் விடையில்லை. மேலும், பீகார், ஒடிசா முதலிய நாடுகளினின்றும் தொழில் தேடி வந்தோரின் பிள்ளைகள் இன்று கொங்குநாட்டு அரசுப் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒரு குழந்தை ஆசிரியர் கூப்பிட்டுத் திரும்பிப் பாராதாயின், அது செவியின் குறையோ, மொழி விளங்காமையோ, அச்சமோ என்று பிரித்தறிதல் எளிதன்று. தமிழ் தெரியாமையைக் குறையாக எழுதிவிடுதலும் தவறு. குறையைத் தமிழ் தெரியாமை என்று விட்டுவிடுதலும் தவறு. முன்னதிற் குழந்தைக்குப் பழி. பின்னதில் ஆண்டுகள் இழப்பு.

வீட்டுவழிக் கல்வி என்பது யாது என்பதை அறிய விரும்பி, இவ்வேனிலிற் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரோடு ஒரு வரிசை வீட்டிற்குச் சென்றோம். பத்து வயதுச் சிறுவன். மூளை முடக்குவாதத்தால் உடல் இறுகி, பேச்சின்றிப் பாயிற் கிடந்தான். பள்ளிப் பதிவேட்டில் அவன் ஐந்தாம் வகுப்பு. பயிற்றுநர் அவனைச் சுவரோரம் தலையணை அணைத்து நிமிர்த்தி அமர்த்தினார். ஒரு தட்டில் தட்டைப்பயறும் மற்றொன்றில் இராகியும் பரப்பி, அவன் விரல்களைப் பிடித்து அவற்றினூடே செலுத்தினார். பின்னர் ஒரு குவளையின் படத்தையும் ஒரு தட்டின் படத்தையும் அவன் முன் வைத்துக் காத்திருந்தார். ஒரு நாழிகை சென்றது. பாட்டியார் பொறுக்கமாட்டாமற் கேட்டார். இருவர் பேச்சையும் கொங்குநாட்டு வழக்கிலேயே தருகின்றோம். "ஏனுங் டீச்சர், இவன் படிச்சு என்னங்க பண்ணப் போறான்?" பயிற்றுநர் திரும்பாமலே, "தண்ணி வேணும்னா தண்ணி, சோறு வேணும்னா சோறுன்னு இவனே கைகாட்டிச் சொல்லோணுமுங்க. மொதல்ல அதுதானுங்க படிப்பு," என்றார். அன்று அவன் எந்தப் படத்தையும் தொட்டானில்லை. கண்ணை மட்டும் குவளைப் படத்தின்மேல் வைத்தான். அதனைக் குறிப்பேட்டில் அவர் எழுதிக்கொண்டார். குவளையில் நீரும் கொடுத்தார். ஐந்தாம் வகுப்புப் பாடநூலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணுவார் உண்டு. தன் வேட்கையைப் பிறர்க்கு உணர்த்துதற்கன்றி மொழி வேறெதற்கு உளது என்று அவர்களைக் கேட்க விரும்புகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவராதலின், இக்கல்வியில் எம்மை மிகவும் ஈர்த்தது எழுத்தும் ஒலியும் பற்றிய பகுதி. அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் முறையை வகுத்தவர் லூயி பிரெய்ல் என்னும் பிரெஞ்சுக்காரர். 1809இற் பிறந்தவர், தாமும் பார்வை இழந்தவர். ஆறு புள்ளிகளை வெவ்வேறு வகையிற் கூட்ட அறுபத்துமூன்று வடிவங்கள் கிடைக்கும். நம் நாட்டு மொழிகட்குப் பலர் பலவாறு பிரெய்ல் அமைத்து இடர்ப்பட்ட பின், 1951இல் எல்லா மொழிகட்கும் பொதுவாகப் பாரதி பிரெய்ல் என்னும் முறை அமைந்தது. தமிழெழுத்து 247 ஆயிற்றே, அறுபத்துமூன்று வடிவத்துள் எவ்வாறு அடங்கும் எனின், உயிர்மெய்க்குத் தனி வடிவம் அங்கில்லை. 'கே' என்று எழுத வேண்டின், ககர வடிவை முன்னும் ஏகார வடிவைப் பின்னும் இடுவர். அச்செழுத்திலோ கொம்பு முன்னே நிற்கும், ககரம் பின்னே வரும். 'கொ' என்பதிற் குறிகள் இருபுறமும் சூழ்ந்துகொள்ளும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது தொல்காப்பியனார் துணிபு. அத்துணிபைக் கண்ணாற் படிக்கும் நம் எழுத்துக் காட்டவில்லை. விரலாற் படிக்கும் எழுத்துக் காட்டுகின்றது! ஆயின் புள்ளியில் முறை மாறும். அச்சில் மெய்யின் தலைமேல் ஏறும் புள்ளி, பிரெய்லில் அம்மெய்க்கு முன்னே தனி வடிவாய் நிற்கும். 'பக்கம்' என்னும் சொல்லுக்கு அச்சில் நான்கெழுத்து; பிரெய்லில் ஆறு வடிவம். இதனாற் பிரெய்ல் நூல் பருமனாகும். கனத்த தாளும் வேண்டும். நாம் கைப்பையில் இட்டுச் செல்லும் ஒரு பாடநூல் அங்கே பல தொகுதிகளாகிவிடும். பார்வையற்ற மாணவனுக்கு நூல் காலந்தாழ்ந்து கிடைப்பின், அவன் பின்தங்குவது அறிவாலன்று என்பதை உணர்தல் வேண்டும்.

செவிகேளாக் குழந்தையின் இடர் வேறு வகையினது. 'உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும்' என்று எளிதிற் கூறிவிடுகின்றனர். எழுத்துகளின் பிறப்பைக் கூறும் இலக்கணத்தைப் படித்தவர்க்கு அக்கூற்றின் பொருத்தமின்மை புலனாகும். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் இயையப் பிறப்பன. ஒன்று வாய்வழியும் மற்றொன்று மூக்குவழியும் காற்றை விடுகின்றது. மூக்குட் செல்லும் காற்றைக் கண்ணாற் காண்பார் யார்? ஆகவே 'பாடு' என்பதும் 'மாடு' என்பதும், 'படம்' என்பதும் 'மடம்' என்பதும் இதழில் ஒன்றே. ககரமும் ஙகரமும் நாவின் அடியிற் பிறத்தலின் காணவே இயலா. நகர ணகர னகரங்களையும், லகர ளகர ழகரங்களையும் ஆசிரியரின் மூடிய பல்வரிசைக்குட் கண்டு பிரித்தல் யாவர்க்கும் அரிது. அதன் மேல் ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பிக்கொண்டு பேசினாலோ, உள்ளதும் போயிற்று. செவிகேளாதோர் எழுதும் தமிழில் வேற்றுமை உருபுகள் விடுபடுவதைப் பிழை என்று சிவப்பு மையாற் சுழிக்கின்றோம். 'ஐ'யும் 'கு'வும் சொல்லின் கடையில் மெல்லென ஒலித்து மறைவன. கேளாத காதுக்கு அவை ஒருபொழுதும் வந்தனவல்ல. சைகை மொழியோ கைகளாலும் முகத்தாலும் தனக்கென வேறோர் இலக்கணம் உடையது. அம்மொழி அறிந்த ஒருவர் வகுப்பில் இல்லாத பொழுது, செவிகேளாச் சிறுவனை அண்டைப் பள்ளியிற் சேர்த்தோம் என்று மகிழ்வது பதிவேட்டின் மகிழ்ச்சியே. அவன் கற்றான் என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது, கண்ணுக்கும் காதுக்கும் புலனாகாத குறை. அறிவிற் குறைவின்றியும் எழுத்தைக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளைகள் உளர். இதனைக் கற்றல் குறைபாடு என்பர். 2016இன் சட்டத்திலேதான் இதற்கு முதன்முதலிற் பெயர் ஏறிற்று. அதற்கு முன்னர் இதற்கு வழங்கிய பெயர்கள் 'மக்கு', 'சோம்பேறி' என்பன, பிரம்பே மருந்து. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்திருத்தலின் இக்குறை தமிழ்ப் பிள்ளைகட்கு இல்லை என்று சிலர் நினைப்பது பொருந்தாது. ணகர னகர வடிவங்கள் சுழியின் எண்ணிக்கை ஒன்றாலேயே வேறுபடுவன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒரு சுழியில் வேறுபடுவன. எகர ஏகாரங்களைப் பிரித்துக் காட்டச் சுழித்த கொம்பை வழங்கியவர் வீரமாமுனிவர் என்பதை யாவரும் அறிவர். ஓலையிற் புள்ளியின்றிக் குறிலும் நெடிலும் மயங்கிய இடரை அவர் நீக்கினார். 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, லை, ளை முதலிய எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்களை விட்டு ஒரே சீராக எழுத ஆணையிட்டதும் அத்தகைய உதவியே. அச்சீர்திருத்தத்தை அந்நாளிற் சிலர் தமிழ்க் கொலை என்றனராம். படிக்க இடர்ப்படும் குழந்தையொன்றன் அருகில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால் அவர்கள் அவ்வாறு சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது எம் துணிபு.

இப்பிள்ளைகட்கு அரசுப் பொதுத்தேர்விற் சலுகைகள் உண்டு. ஒரு மணி நேரம் மிகுதியாகத் தருவர். சொல்வதை எழுதுவோர் ஒருவரை அமர்த்துவர். இரு மொழித்தாள்களுள் ஒன்றிலிருந்து விலக்கும் அளிப்பர். இவை வேண்டியனவே. ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். பத்தாம் வகுப்பில் தரும் விலக்கு, மூன்றாம் வகுப்பில் தராத கற்பித்தலுக்கு ஈடாகாது. சலுகை பெற்றுத் தேறிய பின்னரும் தன் பெயரைப் பிறர் எழுதக் கண்டு கையொப்பமிடும் இளைஞனை யாம் அறிவோம். அவனைத் தேர்ச்சிப் பட்டியலிற் சேர்த்தவர்கள் எழுத்திற் சேர்த்திலர்.

இவ்வளவும் செய்தற்குரியவர் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரே. இதழசைவின் இலக்கணமும் பிரெய்லும் சைகையும் தசைப்பயிற்சியும் ஒருவரே கற்று, இரு சக்கர வண்டியிற் பள்ளி பள்ளியாய்ச் சென்று, வாரத்தில் ஒரு மணி நேரத்தில் நடத்துதல் கூடுமோ? 2021ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், பொதுப் பள்ளிகளிற் சிறப்பாசிரியர் பணியிடங்களை நிலையாக வகுக்குமாறு தீர்ப்பளித்தது. அதன்படி 2022இல் நடுவணரசு, தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் பதின்மர்க்கு ஓர் ஆசிரியரும், மேல் வகுப்புகளிற் பதினைவர்க்கு ஓர் ஆசிரியரும் வேண்டும் என்று அளவு குறித்தது. மாநிலங்கள் பணியிடங்களை இன்னும் முறையாக அறிவிக்கவில்லை என்று 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலும் அந்நீதிமன்றம் வற்புறுத்த நேர்ந்தது. நம் மாநிலத்திற் பல ஆண்டுகளாக இப்பணியாற்றி வந்தோர் தொகுப்பூதியத்திலேயே இருந்து, பணி நிரந்தரம் வேண்டிப் பலமுறை முறையிட்டனர். 2024-25ஆம் ஆண்டில் நடுவணரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே கல்விக்கொள்கை பற்றி எழுந்த பிணக்கால் இத்திட்டத்திற்குரிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. பிணக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. பாயிற் கிடக்கும் சிறுவனுக்கு வாரந்தோறும் வரும் ஒருவருடைய ஊதியம் அத்தொகையினுள்ளே இருக்கின்றது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் முறையை ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கே பள்ளிகளை நடத்துவது பள்ளி மாவட்டம் என்னும் உள்ளூர் ஆட்சி. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அம்மாவட்டம் தன் எல்லைக்குட்பட்ட குறையுடைய குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு கல்வித் திட்டத்தை எழுத்தில் வகுத்தல் வேண்டும். பெற்றோர் அக்கூட்டத்தில் உடனிருப்பர். உடன்படாவிடின் விசாரணை கேட்கும் உரிமை அவர்க்குண்டு. அங்கும் பணமுட்டு இல்லாமலில்லை. மேற்செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கு தருவதாகச் சொன்ன நடுவணரசு அவ்வளவை ஒருநாளும் தந்ததில்லை. எனினும் தாய் ஒருத்தி ஒரு தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு, 'வாரம் மூன்று மணி நேரம் என்று எழுதினீர்; ஒன்றுதானே நடந்தது?' என்று கேட்கலாம். நம் பயிற்றுநர்களும் குழந்தைக்கெனத் தனித்திட்டம் எழுதவே செய்கின்றனர். அது பெரும்பாலும் வள மையத்தின் கோப்பிலே தங்கிவிடுகின்றது. அதன் படி ஒன்று தாயின் கையிலிருத்தல் வேண்டும் என்பதே எம் கோரிக்கை. செலவு ஒரு தாள்.

வகுப்பாசிரியரைப் பற்றி ஒரு சொல். ஒரு பள்ளியில் நேரிற் கண்டது இது. கண்பார்வை மங்கிய சிறுமி ஒருத்திக்கு வள மையம் பெரிய எழுத்து நூல் தந்திருந்தது. நூல் அழுக்காகிவிடுமென்று அதனை அலமாரியிற் பூட்டி வைத்திருந்தனர்! அதே பள்ளியில் மற்றோர் ஆசிரியை, யாரும் சொல்லாமலே, அச்சிறுமியை முதல் வரிசைக்கு மாற்றி, கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தார். இதற்குப் பட்டயமோ படியோ வேண்டியதாயில்லை. வகுப்பிலுள்ள ஏனைய நாற்பது பிள்ளைகட்கும் அதனால் நன்மையே விளைந்தது என்று அவர் கூறினார். சிறப்புப் பயிற்றுநர் வராத நாட்களிலும் அச்சிறுமி கற்றாள்.

எம் கல்லூரி மாணவருட் பலர் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர்ப் பக்கங்களினின்று வருவோர். தத்தம் தெருவிற் பள்ளிக்குப் போகாத குழந்தை ஒன்று இருப்பதை அறிவோர் அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அதன் பெயரையும் வீட்டையும் தெரிவிக்கலாம். பள்ளியிற் பெயர் எழுதுதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டுவதில்லை. உதவித்தொகைக்கும் கருவிக்கும் மட்டுமே அது வேண்டும். அதனை முகாமில் மருத்துவர்களிடம் பெறலாம். குழந்தை நடக்கவியலாததாயின் அதனையும் அப்பொழுதே சொல்லுதல் நன்று. அவ்வாறு சொன்னால் வீட்டுவழிக் கல்விப் பட்டியலிற் பெயர் ஏறும். ஏறிய பின், பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுமாறு தாய்க்குச் சொல்லுக.